ஊருக்குள் ஒரு பல்கலைக்கழகம்: சமூக நலவாழ்வு மையம் என்பது என்ன?

கல்லூரியில் படித்தவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நன்கு பழகிய ஒன்று. மாணவர்கள் ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்குவார்கள். ஒரு நாள் குளக்கரையைச் சுத்தம் செய்வார்கள், ஒரு நாள் விழிப்புணர்வுப் பேரணி போவார்கள், இன்னொரு நாள் அருகிலுள்ள மருத்துவமனையின் உதவியோடு கண், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனை நடத்துவார்கள். நிறைவு விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். சர்க்கரை கூடுதலாக இருப்பதாக ஒரு துண்டுச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பெரியவர், மறுமாதம் அந்தச் சீட்டை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் நிற்பார். முகாமைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை; ஏழு நாளில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

உலகின் பல பகுதிகளில் பல்கலைக்கழகங்கள் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டிருக்கின்றன. வந்து போவதை விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே ஓர் இடத்தை நிலையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்தபடி அவ்வூர் மக்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் தொடர்ந்து துணைநிற்பதே அந்த வழி. இத்தகைய இடத்தைத்தான் இந்தக் கட்டுரை பல்கலைக்கழகச் சமூக நலவாழ்வு மையம் என்று குறிப்பிடுகிறது. கட்டடம் எப்படியும் அமையலாம். கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையாக இருக்கலாம். பயன்பாட்டில் இல்லாத பழைய பள்ளியாக இருக்கலாம். வளாகத்தின் சுற்றுச்சுவரை ஓரிடத்தில் இடித்துத் தெருவை நோக்கி வாசல் வைத்த கூடமாகவும் இருக்கலாம். அங்கே இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் மாணவி ஒரு மூலையில் இருப்பார். இயன்முறை மருத்துவம் படிப்பவர்கள் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தருவார்கள். இவை எதுவும் வேண்டாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறேன் என்று வருபவருக்கும் ஒரு நாற்காலி இருக்கும். மருத்துவமனைக்குள் நுழைவதற்கு ஒரு நோய் வேண்டும். இங்கே நுழைய எந்தக் காரணமும் தேவையில்லை என்பதை இந்த ஏற்பாட்டின் முதல் அடையாளமாகக் கொள்ளலாம்.

நலவாழ்வுக்கு மருத்துவமனை இருக்கும்போது தனியே இப்படி ஓர் இடம் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. மருத்துவரிடம் நாம் செலவிடுவது ஆண்டுக்குச் சில மணி நேரம். நோயை வளர்ப்பவையும் தணிப்பவையும் பெரும்பாலும் எஞ்சிய நேரத்தில், வீட்டிலும் வேலையிடத்திலும் தெருவிலும் நடக்கின்றன. தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தரலாம். தெருவிளக்கு எரியாத, நாய்கள் திரியும் தெருவில் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண் எங்கே நடப்பார்? 1993இல் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு ஒரு விசித்திரமான முடிவை எடுத்தது. மூச்சிரைப்புக்கு மருந்து கொடுத்து அனுப்பும் குழந்தைகள் அதே மூச்சிரைப்போடு திரும்பத் திரும்ப வந்தார்கள். காரணம் ஈரமும் பூஞ்சையும் பிடித்த வாடகை வீடுகள். வீட்டுக்காரர்களோ எதையும் பழுதுபார்ப்பதாக இல்லை. ஆகவே மருத்துவர்கள் தங்கள் குழுவில் வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி அனுப்பப்படும் ஒரு கடிதம், உறிஞ்சு மருந்தால் ஆகாததைச் சில வீடுகளில் செய்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. இப்படிப் பல துறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் வசதி பல்கலைக்கழகத்துக்கு இயல்பாகவே இருக்கிறது. மருத்துவம், செவிலியம், உளவியல், சமூகப்பணி, சட்டம், வேளாண்மை, கட்டடக்கலை என எல்லாத் துறைகளும் அதனிடம் உண்டு; அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் அரிது.

கற்றவர்கள் எளிய மக்கள் வாழும் பகுதிக்குள்ளேயே போய்க் குடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் 1884இல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் தொடங்கப்பட்ட டாயின்பீ ஹால் என்ற இல்லத்தில் ஓர் உருவம் பெற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இளைஞர்கள் அங்கே தங்கி அந்தப் பகுதி மக்களோடு பணியாற்றினார்கள். உடல்நலத்தை மையமாகக் கொண்ட வடிவம் பின்னர் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் நட்டால் மாகாணத்தின் பொலேலா என்ற ஊர்ப்புறத்தில், ஜூலு மக்களிடையே ஒரு நல மையத்தைத் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் வீடுவீடாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த நீரைக் குடிக்கிறார்கள், வீட்டு ஆண்களில் எத்தனை பேர் சுரங்க வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி, அந்தக் கணக்கிலிருந்து மருத்துவத்தைத் தொடங்கினார்கள். ஊட்டக்குறைவுதான் பெரிய நோய் என்று தெரியவந்தபோது காய்கறித் தோட்டங்கள் போடுவது மருத்துவப் பணியின் பகுதியாயிற்று. டர்பனில் நட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியபோது இந்த அனுபவம் அங்கே பாடமாகவும் சென்றது. நிறவெறி அரசு இதை நெடுநாள் விட்டுவைக்கவில்லை. 1950களின் இறுதியில் கார்க் தம்பதியர் நாட்டைவிட்டே வெளியேறினார்கள்.

அதற்குள் அங்கே சில மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு போன ஓர் அமெரிக்க மருத்துவ மாணவர் இருந்தார். எச். ஜாக் கைகர் என்ற அவர் 1957இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றவர். 1964இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான இயக்கத்துக்கு மருத்துவத் துணையாக மிசிசிப்பிக்குப் போனபோது, பொலேலாவில் கண்ட அதே வறுமையைத் தம் நாட்டிலேயே கண்டார். அவரும் பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் கவுன்ட் கிப்சனும் வறுமை ஒழிப்புக்கென அமெரிக்க அரசு புதிதாக அமைத்திருந்த அலுவலகத்திடம் பணம் கேட்டுப் பெற்று இரண்டு மையங்களைத் தொடங்கினார்கள். முதலாவது 1965 டிசம்பரில் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயின்ட் என்ற அரசுக் குடியிருப்பில் திறக்கப்பட்டது. மற்றது ஆயிரம் மைலுக்கும் அப்பால், மிசிசிப்பியின் பொலிவர் மாவட்டத்தில், விடுதலை பெற்ற அடிமைகள் 1887இல் தாங்களே நிறுவிய மவுண்ட் பாயூ என்ற சிற்றூரில் அமைந்தது. இந்த இரண்டாவது மையத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருத்தளவில் கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் பலவற்றின் உண்மையான எடை அங்கேதான் தெரிகிறது.

பருத்தி வயல்களில் இயந்திரங்கள் புகுந்துவிட்டதால் விளைச்சலில் ஒரு பங்குக்காகப் பிறர் நிலத்தை உழுது பிழைத்த குடும்பங்கள் வேலையற்று நின்ற காலம் அது. கட்டடம் எழுவதற்கு முன்பே ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாகப் போய் மக்களைக் கூட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பல்கலைக்கழகம் மருத்துவரை மனத்தில் வைத்திருந்தது. மக்களோ சாப்பாடு, வேலை, நல்ல தண்ணீர், ஒழுகாத கூரை என்று வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையை மையம் அப்படியே ஏற்றுக்கொண்டது. 1967இல் பணி தொடங்கிய பின், மருத்துவர்கள் ஊட்டக்குறைவோடு வந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். அந்தச் சீட்டைப் பக்கத்துக் கறுப்பின மளிகைக் கடைகளில் கொடுத்தால் பொருள் கிடைக்கும். கடைக்காரர் அதற்கான தொகையை மையத்தின் மருந்தகக் கணக்கிலிருந்து பெற்றுக்கொள்வார். நோய்க்கு மருந்து வாங்கக் கொடுத்த பணத்தில் மளிகை வாங்குவதா என்று வாஷிங்டனிலிருந்து கண்டனம் வந்தது. ஊட்டக்குறைவு என்ற நோய்க்கு மருத்துவ நூல்கள் சொல்லும் மருந்து உணவுதானே என்று கைகர் பதில் சொன்னார். அதற்கு மேல் அதிகாரிகளால் எதுவும் பேச முடியவில்லை.

சீட்டெழுதி உணவு கொடுப்பது நெடுநாள் ஓடாது என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1968இல் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கின. பருத்தி மட்டுமே பயிராகி வந்த வளமான வண்டல் மண்ணில் அவரைவகைகளும் கீரையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் விளைந்தன. உழைத்தவர்கள் விளைச்சலில் பங்கும் கொஞ்சம் கூலியும் பெற்றார்கள். மையத்தின் சுகாதாரப் பொறியாளர் குழுவினர் கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், பூச்சிகள் புகாதபடி சன்னல்களுக்கு வலை அடித்தார்கள். சோதனைக்கு வர வண்டி இல்லாதவர்களுக்காக மையமே வண்டி ஓட்டியது. இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது வங்கி பற்றிய நிகழ்வு. அரசிடமிருந்து வரும் பெருந்தொகையை எந்த வங்கியில் போடுவது என்ற முடிவு மையத்தின் கையில் இருந்தது. மவுண்ட் பாயூவில் கிளை திறந்து, கறுப்பினத்தவரைக் காசாளர்களாக அமர்த்தி, வீட்டுக் கடனில் பாகுபாடு பார்க்காத வங்கியில்தான் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஒரு வங்கி கிடைத்தது. ஒரு மருத்துவ மையத்தின் வங்கிக் கணக்குகூட நலவாழ்வுக் கருவியாக முடியும் என்பதை நிறைய பாடநூல்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

மாலை வேளைகளில் அதே வளாகத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. அங்கே பணியாளர்களாகவும் மாணவர்களாகவும் இருந்த உள்ளூர் இளைஞர்கள் பலர் பின்னாளில் மருத்துவர்களாக, செவிலியர்களாக, சமூகப் பணியாளர்களாக ஆனார்கள். 1970களில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. நிர்வாகம் உள்ளூர் மக்களின் கைக்குப் போயிற்று. மையம் இன்றும் இயங்குகிறது. கொலம்பியா பாயின்ட்டிலும் மவுண்ட் பாயூவிலும் தொடங்கிய இந்த முறை அமெரிக்காவில் 1,300க்கும் மேற்பட்ட சமூக நல மைய நிறுவனங்களாகப் பெருகியிருக்கிறது. அரசு நிதி பெறும் இம்மையங்களின் ஆட்சிக்குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஹாட்ச் தேவாலயங்களில் கேட்டுத் திரிந்த அந்தக் கேள்வி ஒருவகையில் இந்தச் சட்ட விதியாக நிலைபெற்றது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் ஊருக்குள் வருவதாலேயே ஊருக்கு நன்மை என்று ஆகிவிடாது. மவுண்ட் பாயூவில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பக்கத்து அலபாமா மாநிலத்தில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1932இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருந்தது. மேகநோய் (சிபிலிஸ்) கொண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் என்ற மருந்து வந்து பல ஆண்டுகளான பின்னும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இலவச உணவும் வண்டி வசதியும்கூட வழங்கப்பட்டன. 1972இல் செய்தி வெளியானதால்தான் அது நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே கற்றவர்கள் ஏழை ஊருக்கு வந்து நலம் விசாரித்த காட்சிகள்தாம். தகவல் யாருக்காகத் திரட்டப்படுகிறது, திரட்டிய பின் அது யாரிடம் திரும்பிப் போகிறது என்பதில் வேறுபாடு இருந்தது. ஆகவே நல்ல மையங்கள் ஆய்வுக்கும் சேவைக்கும் நடுவே தெளிவான கோடு ஒன்று போட்டு வைக்கின்றன: படிவத்தில் கையெழுத்திட மறுப்பவருக்கும் சேவை குறையாமல் கிடைக்கும், கணக்கெடுப்பின் முடிவுகள் ஆய்விதழுக்குப் போகும் முன் ஊர்க் கூட்டத்தில் பேச்சுத் தமிழிலோ சுவாகிலியிலோ, எந்த ஊரோ அந்த ஊரின் மொழியில், வாசித்துக் காட்டப்படும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வேலூரில் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி தனிப் பல்கலைக்கழகம் அன்று. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. ஆனால் செயல்பாட்டில் மேற்சொன்ன கருத்துக்கு அது முழுவதும் பொருந்துகிறது. அதை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடியாத்தம் சாலையோரங்களில் மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்த வழக்கத்தின் தொடர்ச்சியாக, பாகாயத்தில் உள்ள, கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை நடத்தும் மருத்துவமனையும், 1977இல் கே.வி. குப்பம் ஒன்றியத்துக்கென அமைந்த ரூசா என்ற ஊரக மையமும் இயங்கி வருகின்றன. சுற்றுவட்டாரத்தில் சாட் ஆஸ்பத்திரி என்றால் பாகாயம் மருத்துவமனை என்று எல்லோருக்கும் தெரியும். கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்களே நலப் பணியாளர்களாக இருந்து, எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதைக் கண்டு சொல்ல, செவிலியரும் மருத்துவரும் முறை வைத்து வந்து பார்க்கிறார்கள். மருத்துவம் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களும் கிராமத்தில் தங்கி வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. ஸ்டெதாஸ்கோப்பைச் சரியாகப் பிடிக்கத் தெரிவதற்கு முன்பே, ஒரு திண்ணையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் அடுப்பு எரிப்பது எதைக் கொண்டு, தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதும் பழக்கம் வந்துவிடுகிறது. பிற்காலத்தில் இருமலோடு வரும் அம்மாளிடம் புகையடுப்பா என்று முதலில் கேட்பவர் இப்படிப் பழகியவராகவே இருப்பார்.

அண்மைக் காலத்தில் இந்த மையங்களுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவை 2019 முதல் குடும்ப மருத்துவர்களோடு இணைப்புப் பணியாளர் என்ற புதிய பணியிடத்தைப் பெரிய அளவில் உருவாக்கி வருகிறது. தனிமையாலும் கடனாலும் துணையை இழந்த துயராலும் தளர்ந்து மருத்துவரிடம் வருபவரோடு இந்தப் பணியாளர் உட்கார்ந்து பேசி, அவரை தோட்டக் குழுவுக்கோ பாட்டுக் குழுவுக்கோ கடன் ஆலோசனைக்கோ அனுப்பிவைப்பார். அனுப்பிவைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? பல்கலைக்கழகங்கள் நடத்தும் சமூக இடங்கள் இங்கே பயன்படுகின்றன. நம் ஊர்களில் இத்தகைய வேலையைக் கோயில் மண்டபமும் நூலகமும் டீக்கடைப் பெஞ்சும் ஓரளவு செய்து வந்திருக்கின்றன. டீக்கடைப் பெஞ்சில் பெண்கள் உட்கார்வதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வளாகங்கள் நலவாழ்வுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஒகனாகன் சாசனம் 2015இல் கனடாவில் வெளியானது. பல்கலைக்கழகங்கள் பல அதில் கையெழுத்திட்டிருக்கின்றன, கையெழுத்திடுவது எளிது.

இத்தகைய மையத்தைத் தொடங்க நினைக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியும் திறப்பு விழாவைப் பற்றியும் முதலில் யோசிக்கின்றன. சிக்கல் வருவது நாட்காட்டியில். கல்லூரிக்கு நவம்பரில் தேர்வு, மே மாதம் விடுமுறை. ஊருக்கோ மழைக்காலத்தில் காய்ச்சலும் கோடையில் வயிற்றுப்போக்கும் வரும். மாணவர்கள் இல்லாத மாதங்களில் கதவைத் திறந்து வைக்க, சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் பணியாளர் இருவராவது இல்லையென்றால், அந்த மையமும் பெயர் மாறிய முகாமாகவே ஆகிவிடும். நேரமும் அப்படித்தான். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்பது அலுவலகத்தின் நேரம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் வரமாட்டார்கள். ஆசிரியர்களின் பணி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை மட்டுமே கணக்கில் வரும் என்றால் ஆர்வமுள்ள ஆசிரியரும் இரண்டு ஆண்டில் ஓய்ந்துபோவார். மையத்தில் செலவிடும் நேரத்தையும் பணியாகவே கணக்கில் கொள்ள நிர்வாகம் முன்வர வேண்டும். மாணவர்கள் செய்வதற்கு ஓர் எல்லையும் வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கலாம், பேசலாம், கூட்டிக்கொண்டு போகலாம். மருந்தை மாற்றிச் சொல்ல முடியாது. மனம் உடைந்து வரும் ஒருவரை உளவியல் மாணவர் தனியே கையாள விட்டுவிடக் கூடாது. எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் அனுப்புவது என்பது முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கும்போது அதோடு போட்டிபோடுவது வீண். அங்கே தொடர்ந்து மாத்திரை வாங்குபவர்கள் நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுகூட மையத்துக்கு முழுநேர வேலை ஆகும்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் இருக்கிறதென்றால் அது எப்படிப்பட்டது என்பதை அறிய அங்கே போய்ச் சிலவற்றை விசாரித்தால் போதும். அடுத்த ஆண்டுக்கான வேலைத்திட்டத்தை வகுத்த கூட்டத்தில் ஊர்க்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்? கடைசியாக எடுத்த கணக்கெடுப்பின் முடிவை யாருக்குச் சொன்னார்கள்? ஊர் மக்கள் வேண்டாம் என்று சொன்னதால் கைவிடப்பட்ட திட்டம் ஒன்றாவது உண்டா? அறையின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். ஊர்க்காரர் ஒருவர் தன் மடியிலிருந்து எடுத்துக் காட்டினால் மற்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கும்.